தௌவூ எடுத்தது

திமலேத்தியின் இடது தொடையில், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, வெளிப்பக்கமாக ஒரு முடிச்சு உண்டு. அங்கே கட்டைவிரலை வைத்தாலே போதும், மேசையைவிட்டு எகிறிக் குதிப்பாள். நம் பெண்கள் ரக்பி செவன்ஸ் அணிக்கு நான் ஆறு வருஷமாகக் கால் பிடித்துவிடுகிறேன். முகம் மறந்தாலும் மறப்பேன், தொடை மறக்காது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் தேங்காயெண்ணெய் தடவி, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து அந்த முடிச்சில் அழுத்தினேன். அவள் கூரைத் தகரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"வலிக்குதா?"

"தெரியல பெரியம்மா."

முந்தின நாள்தான் அவளுடைய அம்மா செருவாயா, சுவா ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். சர்க்கரை. முதலில் கால் விரல், பிறகு கால், பிறகு ஆள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள், கண்ணுகளா, இல்லையென்றால் பின்னால் குழம்பும். செருவாயாவின் ஊர் யாலேவா தீவு. கப்பலில் ஒரு பகல், ஒரு ராத்திரி. பதினைந்து நாளைக்கு ஒரு கப்பல்தான் அந்தப் பக்கம் போகும். அது சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கிளம்பும். பெட்டி அதில் போயே ஆக வேண்டும். அதே சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்களுக்கு அரையிறுதி, மாலை ஐந்து மணிக்கு இறுதி ஆட்டம். தீவு நாடுகளெல்லாம் ஆஸ்திரேலியாவோடு மோதும் போட்டி, அதுவும் நம் ஊர் மைதானத்தில். ஜெயிக்கும் அணி ஒலிம்பிக் போகும். இரண்டாவது அணி வீட்டுக்குப் போகும்.

திமலேத்தி இல்லாமல் எங்கள் அணிக்கு உதை கிடையாது. பந்தோடு ஓடி எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் அது ட்ரை, ஐந்து புள்ளி. அதன்பின் பந்தைத் தரையில் தட்டி எழுப்பி உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் இன்னும் இரண்டு. அந்த இரண்டு எப்போதும் அவள் காலில்தான் இருந்தது.

எல்லோரும் வந்து அவளிடம் பேசினார்கள். சபைப் போதகர் வந்தார், கைகளைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். மேனேஜர் உனாய்சி, "உன் இஷ்டம்மா" என்று ஆரம்பித்து, "நாடே பாத்துக்கிட்டிருக்கு" என்று முடித்தாள். தீவிலிருந்து அவளுடைய அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், குரல் எனக்கும் கேட்டது.

"நீ ஆடு பாப்பா. இங்க எல்லாரும் கோயில் பின்னாடி ரேடியோ கட்டி வெச்சிருக்காங்க. பெட்டிய உங்க சித்தப்பா கொண்டாந்துடுவான். அம்மா கோவிச்சுக்க மாட்டா."

"சரிப்பா."

"சாப்டியா?"

"சாப்டேன்பா."

சாப்பிட்டிருக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கும் டின் மீனும் தட்டில் அப்படியே இருந்தன. ஆனால் அவள் பொய் சொன்னதாகவும் எனக்குத் தோன்றவில்லை. தின்றோமா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மூன்று ஆட்டம். மூன்றிலும் ஆடினாள். கடிகாரம் ஓடுவதுபோல் ஓடினாள். உதைத்த ஏழும் கம்பங்களுக்கு நடுவே போயின. "அம்மாவுக்காக ஆடறா" என்று கூட்டம் எழுந்து நின்று அழுதது. அவள் மட்டும் அழவில்லை. ஆட்டம் முடிந்ததும் பாட்டிலில் தண்ணீர் குடித்தாள், மூடியைத் திருகினாள், திறந்தாள், மறுபடி திருகினாள்.

எனக்குப் பயமாக இருந்தது அதைப் பார்த்து இல்லை. அகோசிதாவுக்கு அவள் பதில் சொல்லாததைப் பார்த்துத்தான்.

அகோசிதா எங்கள் அணியில் ஸ்க்ரமுக்கு, அதாவது தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளும் கூட்டத்துக்கு, நடுவில் நிற்பவள். குட்டை, பாறை மாதிரி இருப்பாள். ஊர் வுனிதோகா. யாலேவாவும் வுனிதோகாவும் தௌவூ ஊர்கள். ஆதியில் இரண்டு ஊர்ச் சாமிகளுக்கும் ஒரே வேர். அதனால் இந்த ஊர்க்காரர் அந்த ஊர்க்காரரை எங்கே பார்த்தாலும் திட்டலாம், தலையில் மாவு கொட்டலாம், கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகலாம். கோபப்படக் கூடாது. எடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. பதிலுக்குத் திட்ட வேண்டும், அவ்வளவுதான். சாவு வீட்டில்கூட விலக்கு இல்லை. சொல்லப்போனால் சாவு வீட்டில்தான் தௌவூவுக்கு வேலை அதிகம்.

அந்த இரண்டு பேரும் ஆறு வருஷமாக என் மேசையைச் சுற்றி இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

"பெரியம்மா, அந்த நீட்டுக் காலுக்கு எண்ணெய் வீணாக்காதீங்க. யாலேவாக்காரங்க உடம்புல ஊறாது. உள்ள முழுக்க நண்டு."

"நீ பேசாத. கப்பல் ஆடினா கம்பத்தைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுக் கத்தற ஊரு உங்க ஊரு. கடல் நடுவுல பொறந்து நீந்தத் தெரியாத ஒரே சாதி."

"எங்க சாமிகிட்ட ஈரப்பலா திருடிட்டு ஓடினவன்டி உங்க சாமி."

"ஓடினான்ல? உங்காளுக்குத் துரத்தத் தெரிஞ்சிருந்தா புடிச்சிருப்பான்ல?"

இப்படிப் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அகோசிதா வந்து மேசையோரம் நின்றாள்.

"என்னடி நண்டு, ஏழும் உள்ள போச்சு? யாலேவாக்காரிக்குக் கம்பம் எங்கன்னு எவன் காட்டிக் குடுத்தான்?"

திமலேத்தி அவளைப் பார்த்தாள். "ம்" என்றாள்.

அகோசிதா காத்திருந்தாள். ஈரத் துண்டை எடுத்து அவள் முகத்தில் போட்டாள். திமலேத்தி துண்டை எடுத்து, மடித்து, பக்கத்தில் வைத்தாள்.

அகோசிதா என்னைப் பார்த்தாள். பிறகு வெளியே மழையில் போய் நின்றுகொண்டாள். நான் எண்ணெய்க் கையோடு பின்னாலேயே போனேன்.

"எங்கப்பா செத்தப்ப நாங்க துபாய்ல இருந்தோம், ஞாபகம் இருக்கா பெரியம்மா?"

"இருக்கு. மூணு ட்ரை வெச்ச. பேப்பர்ல போட்டாங்க."

"மூணுல ஒண்ணுகூட எனக்கு ஞாபகமில்ல. எங்கப்பாவ எந்தப் பாயில சுத்தினாங்கன்னும் தெரியாது. யாரையாவது கேக்கலாம்னு பாத்தா, ஆட்டத்தப் பத்தித்தான் பேசறாங்க."



சனிக்கிழமை காலை ஒன்பது மணி. உடை மாற்றும் அறையில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அப்புறம் எல்லோரும் பூட்ஸ் மாட்டினார்கள். திமலேத்தி தன் பலகைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. அவள் பதறவில்லை. கை மட்டும் அங்கேயே துழாவிக்கொண்டிருந்தது.

கோச் டேரன் நியூசிலாந்துக்காரர், நல்ல மனுஷன்தான். "பூட்ஸ் எங்க?" என்றார்.

"எங்கிட்ட" என்றாள் அகோசிதா. கால்களை நீட்டிக் காட்டினாள். திமலேத்தியின் பச்சை பூட்ஸ். இரண்டு அளவு பெரிசு.

"என்ன விளையாட்டு இது? கழட்டு."

"கழட்ட முடியாது கோச். தௌவூ எடுத்தா எடுத்ததுதான்."

"வேற ஜோடி குடுங்க அவளுக்கு!"

உனாய்சி உதிரி ஜோடியைக் கொண்டுவந்தாள். அகோசிதா எழுந்து அதையும் வாங்கித் தன் அக்குளில் வைத்துக்கொண்டாள். பிறகு திமலேத்தியின் ஜெர்சியை உருவினாள். பல்லில் மாட்டும் கவசத்தை எடுத்தாள், கட்டுத்துணிச் சுருளை எடுத்தாள். கடைசியில் பையையே இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இந்தப் பையில இருக்கறது பூரா என்னுது. இவகிட்ட ஒண்ணுமில்ல. வெறுங்கால்ல எப்படி ஆடுவா?"

"உனாய்சி, இது திருட்டு" என்றார் டேரன்.

 உனாய்சியும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. "திருட்டுன்னு சொல்லக் கூடாது கோச்," என்றாள் மெதுவாக. "திருப்பிக் கேக்கவும் கூடாது. யாரும் கேக்க மாட்டாங்க."

"சரி, எடுத்ததை ஒரு மூலையில வை. உன் பூட்ஸையாவது போடு."

"எடுத்து மூலையில வெச்சாத்தான் கோச் திருட்டு. போட்டுக்கிட்டாத்தான் தௌவூ."

டேரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பதினோரு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் அவர் திமலேத்திக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "நீ சொல்லு. ஆடணுமா, போகணுமா?"

"தெரியல கோச்."

இரண்டு நாளில் அவளை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.   அவர் எழுந்து, "யாராவது அவகூடப் போங்க" என்றார். கால் பிடிப்பவள் இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும். நான் போனேன்.

கப்பல் ஒன்றேகால் மணிக்குக் கிளம்பியது. பெட்டியைப் பின்தளத்தில், அரிசி மூட்டைக்கும் பெட்ரோல் பீப்பாய்க்கும் நடுவில் வைத்து, தாழம்பாய் மூன்று விரித்துப் போர்த்தியிருந்தார்கள். மேல் பாய் சிவப்புக் கம்பளி விளிம்பு வைத்தது. திமலேத்தி அதன் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். காலில் யாரோ கொடுத்த ரப்பர் செருப்பு. அவள் சித்தப்பா எதிரில் உட்கார்ந்து, பாய் பறக்காமல் கையை வைத்துக்கொண்டார்.

அரையிறுதியில் ஜெயித்த செய்தி துறையிலேயே வந்திருந்தது. ஐந்து மணிக்கு மாலுமி தன் ரேடியோவைச் சுக்கான் அறை ஜன்னலில் வைத்து, சத்தத்தைக் கூட்டினான். பவளத்திட்டைத் தாண்டியதும் அது கரகரக்க ஆரம்பித்தது. பாதி வார்த்தை காற்றில் போயிற்று. முதல் பாதியில் பின்தங்கினோம். கடைசி நிமிஷத்தில் அகோசிதாவே பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நாலு பேரை இழுத்துக்கொண்டு போய் ட்ரை வைத்தாள். அவர்கள் பத்தொன்பது, நாங்கள் பதினேழு. உதை உள்ளே போனால் சமன். கப்பலில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கோழிக் கூண்டின் மேல் உட்கார்ந்திருந்த கிழவர்கூட எழுந்தார்.

"யார் உதைக்கறா?" என்று சித்தப்பா கேட்டார்.

ரேடியோ சொன்னது, அகோசிதாதான்.

பிறகு கரகரப்பு. வெகு நேரம் கரகரப்பு. பிறகு மாலுமி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கம்பத்துல பட்டுடுச்சு" என்றான். "வெளிய."

 ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சிலர் திமலேத்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். குற்றம் சொல்லும் பார்வையா, இரக்கமா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. பாயின் சிவப்பு விளிம்பு ஓரிடத்தில் மடங்கியிருந்தது. அதை நீவிச் சரிசெய்தாள். மறுபடி மடங்கியது. மறுபடி நீவினாள்.

அந்தப் பாயில்தான் செருவாயாவைச் சுற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊர் முழுக்க நிற்க, குழிக்கு மணல் போட்டார்கள். திமலேத்தி எல்லாவற்றையும் பார்த்தாள். யார் எந்தப் பக்கம் பிடித்தார்கள், எந்தப் பாட்டு முதலில், எது அடுத்து, எல்லாம் பார்த்தாள். அழவில்லை. மறுநாளும் இல்லை, நாலாம் நாள் விருந்திலும் இல்லை. கிழங்கு உரித்தாள், மீன் கழுவினாள், கூப்பிட்டால் வந்தாள். நான் சாயங்காலம் தோறும் எண்ணெய் தடவி அந்த முடிச்சை அழுத்திப் பார்த்தேன். ஓடாத காலுக்கு எதற்கு எண்ணெய் என்று அவள் கேட்கவும் இல்லை. அவளுடைய அப்பா என்னிடம், "பாப்பா நல்லாத்தானே இருக்கா?" என்று தினமும் கேட்டார். "இருக்கா" என்று தினமும் சொன்னேன். வேறென்ன சொல்ல.

ரேடியோவில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. அகோசிதாவால்தான் ஒலிம்பிக் கைவிட்டுப் போயிற்று என்றார்கள். அளவு சேராத பூட்ஸைப் போட்டுக்கொண்டு நாட்டோடு விளையாடினாள் என்றார்கள். தௌவூ என்ற வார்த்தையை ஒருவரும் எடுக்கவில்லை.

பதினைந்தாம் நாள் கப்பல் வந்தது. படகில் கரைக்கு வரும்போது கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு குட்டைப் பெண் நின்றாள். கழுத்தில் பச்சை பூட்ஸ் தொங்கியது.

அகோசிதா நேராகச் செருவாயாவின் வீட்டுக்கு வந்தாள். முகம் இளைத்திருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவள் பூட்ஸைக் கழற்றிப் பாயின்மேல் வைத்தாள். திமலேத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் பாதி உரித்த கிழங்கு.

"திருப்பித் தர வரல," என்றாள் அகோசிதா. "காட்ட வந்தேன். என்ன காலுடி உனக்கு, படகு மாதிரி? அந்தக் கடைசி உதையில என் கால் உள்ளயே நீந்துச்சு."

 வெளியே யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் நின்றது. அகோசிதா திமலேத்திமேல் வைத்த கண்ணை எடுக்காமல் நின்றாள்.  திமலேத்தி கத்தியைக் கீழே வைத்தாள். பூட்ஸைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

"பொய்," என்றாள். குரல் கரகரத்தது. "வுனிதோகாக்காரிக்கு நீந்தத் தெரியாது."