காலியாக வந்த பஸ்

வட்டாரத் திட்ட அலுவலகத்தில் பதினோரு வருடமாகப் படிவம் நிரப்புகிற கை என்னுடையது. கட்டத்துக்குள் அடங்காத எதுவும் என் கண்ணில் படாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, என் லட்சணம் அதுதான்.

கிராமங்களிலிருந்து நகரத்துக்கு வரும் காலை பஸ்ஸில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணி வரச் சொன்னார்கள். எண்ண வேண்டிய இடம், ரயில்வே கேட்டைத் தாண்டி நகர எல்லையில் இருக்கும் முதல் நிறுத்தம். பக்கத்திலேயே டீக்கடை, நிழல், பெஞ்சு. வேறென்ன வேண்டும்? மூன்று நாள் உட்கார்ந்தேன். பஸ் எட்டே காலுக்கு வரும். முதல் நாள் நாலு பேர், மறுநாள் ஆறு பேர், மூன்றாம் நாள் மூன்று. அதிலும் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தேன். அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டு நகரத்தின் புதுக் குடியிருப்புக்கு விடலாம் என்று திட்ட வரைவில் சேர்த்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். நகரத்து ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. அத்தான் முதுகெலும்பு அடிபட்டுப் படுத்ததிலிருந்து அந்த வீட்டில் அடுப்பெரிவது அவள் உழைப்பில்தான்.

"எங்க பஸ்ஸ நிறுத்தப் போறாங்களாமேடா. கண்டக்டர் சொன்னாரு."

"அதுல யாருக்கா வர்றா? நானே எண்ணினேன். மூணு பேரு."

"மூணு பேரா? நிக்கக்கூட இடமில்லாம நசுங்கிக்கிட்டு வர்றோம்டா! சரக்கு ரயிலுக்காக கேட்ட மூடினா தெறக்க அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் உக்காந்திருந்தா எட்டு மணிக்கு எப்படி வேலைக்குப் போறது? எல்லாரும் அங்கயே இறங்கி, நடைபாலம் ஏறி நடந்துருவோம். பஸ்ஸு அப்புறமா காலியா வரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் எட்டு மணிக்கு முன் ஒரு கூட்டம் என் பெஞ்சைத் தாண்டி வேகவேகமாகப் போகும். இடிக்காமல் போகட்டும் என்று காலை மடக்கி வழிகூட விட்டிருக்கிறேன். நடந்து போகிறவர்களுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

"நீ உக்காந்திருந்தத நான் மூணு நாளும் பாத்தேன். கையக்கூட ஆட்டினேன். நீ குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தே. ஏதோ முக்கியமான வேலைன்னு கூப்பிடல."

திங்கட்கிழமை முதல் வேலையாக அதிகாரி முன்னால் போய் நின்றேன். விதிகளைக் கரைத்துக் குடித்தவர். அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் அளவுகோல்.

"தப்பு என்மேலதான் சார். கேட்டுக்கு அந்தப் பக்கம் எண்ணியிருக்கணும்."

அவர் கோபப்படவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பதினாறு ஊரு பஸ்ஸையும் எல்லையிலதான் எண்ணியிருக்கோம். இத மட்டும் வேற இடத்துல எண்ணினா மத்த ஊர்க்காரங்க சும்மா விடுவாங்களா? வெள்ளிக்கிழமை வரைவு போயாகணும். புதன்கிழமை அதே இடத்துல மறுபடி எண்ணுவோம். நானே வரேன்."

அக்காவுக்குப் போன் செய்தேன். "ஒரே ஒரு நாளு, யாரும் இறங்காம உக்காந்திருக்கணும்கா."

"கட்டட வேலைக்குப் போறவங்கள லேட்டானா மேஸ்திரி அப்படியே திருப்பி அனுப்பிருவாருடா. எனக்கே இந்த மாசம் ரெண்டு லேட்டு ஆயிருச்சு. மூணாவதுக்கு ஒரு வாரம் வெளிய நிறுத்திருவாங்க."

"அப்ப நீ மட்டும் இறங்கிரு."

"நான் இறங்கிட்டு, மத்தவங்கள எந்த மூஞ்சியோட உக்காரச் சொல்றது?" என்று போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை அதிகாரியும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஏழே முக்காலுக்குக் கேட்டு மூடியது. நடைபாலத்தில் ஒருவர்கூட ஏறவில்லை. எட்டு மணி ஆயிற்று. பாலம் வெறிச்சென்று கிடந்தது. அந்தப் பதினைந்து நிமிடம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் ஒழுங்காக எண்ணியிருந்தால் இத்தனை பேர் இன்றைக்கு இப்படித் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

எட்டே காலுக்கு பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. எல்லோர் பார்வையும் எங்கள் மேல். அதிகாரி உள்ளே ஏறி, முன்னாலிருந்து பின்னால் வரை எண்ணினார். அவர் எதையும் இரண்டு தடவை எண்ணுகிறவர். மறுபடி பின்னாலிருந்து ஆரம்பித்தார்.

"ஐம்பத்திரண்டு" என்றார். தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படிக்கட்டில் நின்ற சித்தாள் ஒருத்தி கேட்டாள், "எண்ணியாச்சுங்களா சார்? நாங்க இறங்கி ஓடலாமா?"

அவர் தலையாட்டினார். ஐம்பத்திரண்டு பேரும் இறங்கி ஓடினார்கள். அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். நான் நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டும்போது கையை ஆட்டினாள்.