அறுபது சதவீத நடுக்கம்

அந்தக் கல்லூரியில் கண்டுபிடிப்பு வருமானப் பங்கீட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. கண்டுபிடிப்புதான் இல்லை. குழுவுக்கென்று தனி அறை, நீள மேஜை, பூட்டுப் போட்ட பீரோ, மையே காணாத ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் உண்டு. ஆராய்ச்சிக்குக் கல்லூரி கொடுக்கும் நிதியில் யாராவது எதையாவது கண்டுபிடித்து, அது சம்பாதித்தும் கொடுத்தால், அதைப் பங்கு போடுவது அவர்கள் வேலை. கல்லூரிக்கு நாற்பது சதவீதம், துறைக்கு இருபது, கண்டுபிடித்தவருக்கு நாற்பது. இப்படிக் கொள்கை முடிவு செய்து அச்சடித்தும் வைத்திருந்தார்கள். பங்கு போட ஒன்றும் கிடைக்காததால், குழு வருஷா வருஷம் கூடி பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துகொண்டிருந்தது.

இவர்கள் வாயில் போய் விழுந்தவள் மெக்கானிக்கல் மேடம். எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தண்ணீர் பம்பு ஏன் நடுங்குகிறது என்று ஆராய அவளுக்குக் கல்லூரி கொஞ்சம் நிதி ஒதுக்கியிருந்தது. பம்பு நடுங்குவது உண்மைதான் என்ற அளவில் ஆராய்ச்சி முடிந்தது. வாங்கிய பேரிங்குகளில் சில மீந்து, மேஜை டிராயரில் கிடந்தன.

நடுக்கம் அவள் வீட்டிலும் இருந்தது. மாமனார் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவர். ஸ்டீயரிங்கைப் பிடித்த அந்த வலது கை இப்போது சும்மா வைத்தாலே ஆடியது. டீ கொடுத்தால் டம்ளரை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். திரும்பி வரும்போது வேறு சட்டை போட்டிருப்பார். சட்டை ஏன் மாறியது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு தடவை மேடம் டம்ளரைப் பிடிக்கக் கை நீட்டிவிட்டாள். “விடும்மா. நான் என்ன கைக்குழந்தையா?” என்றார். அதோடு உறவுக்காரர் வீடுகளுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். எங்கே போனாலும் டீயைக் கொண்டுவந்து நீட்டிவிடுகிறார்களே, என்ன செய்வது.

மேடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து ஒன்றைச் செய்தாள். வளையத்துக்குள் வளையம், நடுவில் கோப்பை, அடியில் கொஞ்சம் ஈயக்கட்டி. மூட்டுக்கு மூட்டு அந்த மீந்த பேரிங். வெளி வளையத்தைப் பிடித்த கை எவ்வளவு ஆடினாலும் உள்ளே கோப்பை அசையாது. மாமனாரின் கை எந்த வேகத்தில் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று திருட்டுத்தனமாகப் பார்த்துப் பார்த்து, அந்த ஆட்டத்துக்கென்றே திருகிச் சரி செய்தாள்.

முதல் நாள் அவர் கூடத்திலேயே உட்கார்ந்து, டிவி செய்தியோடு சண்டை போட்டுக்கொண்டே ஒரு கோப்பை டீயை முழுசாகக் குடித்தார். சட்டையில் ஒரு சொட்டு இல்லை. “டீ கொஞ்சம் ஆறிப்போச்சு” என்றார். அவரிடமிருந்து அது பெரிய விருது. மேடம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனுஷனுக்கு ஒன்று செய்தோம் என்று அவளுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வருஷக் கடைசியில் ஆசிரியர்கள் தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்ளும் படிவம் வந்தது. அதில் ‘இந்த ஆண்டின் கண்டுபிடிப்புகள்’ என்று ஒரு கட்டம். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ‘இல்லை’ என்று எழுதும் கட்டம் அது. மேடத்துக்குப் பொய் எழுத வரவில்லை. ‘ஆடாக் கோப்பை, ஒன்று. ஆராய்ச்சியில் மீந்த பேரிங்குகள் பயன்படுத்தப்பட்டன’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

குழுவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மறுநாளே அழைப்பு வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் பிரின்சிபால், அவர் வலது பக்கத்தில் சட்டம் நடத்துகிறவர், இடது பக்கத்தில் அக்கவுண்ட்ஸ் ஆபீசர். சட்டம் நடத்துகிறவருக்கு ‘உட்பிரிவு’ என்று பெயர். அவர் அம்மா வைத்த பெயர் வேறாக இருக்கும், ஆனால் அது யாருக்கும் நினைவில்லை.

“வருமானம் எவ்வளவு மேடம்?” என்றார் அக்கவுண்ட்ஸ் ஆபீசர்.

“வருமானமெல்லாம் இல்ல சார். எங்க மாமா டீ குடிக்கறார், அவ்வளவுதான்.”

மூன்று முகங்களும் தொங்கிப்போயின. இத்தனை வருஷம் காத்திருந்து ஒன்று வந்தால் அதுவும் வெறுங்கையோடு வந்திருக்கிறது. உட்பிரிவு மட்டும் கொள்கைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

“வருமானம், அல்லது அதற்கு ஈடான பயன்னு போட்டிருக்கு. பயன் இருக்கா, இல்லையா மேடம்?”

“இருக்கு சார்.”

“என்ன பயன்?”

“டீ சிந்தாது.”

“அப்போ சிந்தாத டீயில அறுபது சதவீதம் நம்மளோடது” என்றார் உட்பிரிவு.

மேடம் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டாள். அக்கவுண்ட்ஸ் ஆபீசர் அதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தார். திங்கள், செவ்வாய் கோப்பை கல்லூரிக்கு. புதன் துறைக்கு. வியாழன், வெள்ளி கண்டுபிடித்தவருக்கு. சனி ஞாயிறு கல்லூரி விடுமுறை என்பதால் பயனுக்கும் விடுமுறை, கோப்பை பீரோவில் இருக்கும்.

“சார், அது ஒருத்தருக்காகச் செஞ்சது. அவர் தினமும் டீ குடிக்கறவர்” என்றாள் மேடம்.

“தினமும் குடிக்கட்டும். யார் வேண்டாம்னா?” என்றார் பிரின்சிபால் பெருந்தன்மையாக. “கோப்பைதான் ரெண்டு நாள் இருக்கும்.”

இன்னொன்று செய்துகொள்ளலாம் என்று அவள் மனசுக்குள் நினைத்ததும் உட்பிரிவுக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. “இன்னொண்ணு செஞ்சா அதுவும் இதே கணக்குத்தான் மேடம்” என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் டம்ளரில் டீயைப் பார்த்ததும் மாமனார் நிமிர்ந்தார். மேடம் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, தான் சொல்வது தனக்கே தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இருந்தது.

“உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?” என்றார் மாமனார்.

“ஆகாது மாமா.”

“சரி” என்று டம்ளரை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். கதவு சாத்துகிற சத்தம் மெதுவாகத்தான் கேட்டது. மேடத்துக்குக் கன்னத்தில் அறை வாங்கினது மாதிரி இருந்தது.

கல்லூரியில் நிலைமை வேறு விதமாக மோசமாயிற்று. திங்கட்கிழமை பிரின்சிபால் ஆடாக் கோப்பையில் டீ குடித்தார். சிந்தவில்லை. அதற்கு முந்தைய வாரம் சாதாரணக் கோப்பையில் குடித்தபோதும் சிந்தவில்லை. அவர் கை கல்லில் செதுக்கினது போல அசையாத கை. புதன்கிழமை துறைத் தலைவருக்கும் இதே கதி. ஆக, கல்லூரிக்கு வந்து சேரவேண்டிய பயன் வரவே இல்லை, மொத்தப் பயனையும் வியாழன், வெள்ளியில் ஒரே ஆள் அனுபவிக்கிறார் என்று அக்கவுண்ட்ஸ் ஆபீசர் குறிப்பு எழுதினார்.

பிரின்சிபால் விட்டேனா பார் என்று கையை வேண்டுமென்றே நடுக்கிப் பார்த்தார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி வேறு எடுத்தார். ஆனால் கோப்பை மாமனாரின் ஆட்டத்துக்கு அளவெடுத்துச் செய்தது. பிரின்சிபாலின் ஆட்டம் அதற்குப் பிடிபடவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி முழு டீயையும் அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. குழு அவசரமாகக் கூடியது. கண்டுபிடிப்பைப் பாதிதான் ஒப்படைத்திருக்கிறார்கள், முக்கியமான பாகம் இன்னும் வீட்டிலேயே இருக்கிறது என்று முடிவு செய்தது. அந்தப் பாகம் மாமனாரின் நடுக்கம். அதைத் திங்கட்கிழமை குழு முன்னால் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவும் போட்டது.

மேடம் ஓடிப் போய்ப் பிரின்சிபாலிடம் கெஞ்சினாள். “அவர் யார் முன்னாடியும் குடிக்க மாட்டார் சார். வெட்கப்படுவார். வேண்டாம் சார்.”

“வெட்கம் எல்லாம் அவரோட சொந்த விஷயம் மேடம். அதுல நாங்க பங்கு கேட்கல.”

அழைப்புக் கடிதம் நேராக வீட்டுக்கே போயிருந்தது. மாமனார் அதைப் படித்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தார். “போகலைன்னா கோப்பையை மொத்தமா எடுத்துக்குவோம்னு எழுதியிருக்கான். அந்த ரெண்டு நாளாவது இருக்கட்டுமே” என்றார். பக்கத்தில் நின்ற மேடத்தின் கணவன், “அப்பா, வேணாம்பா” என்று இழுத்தான். “நீ சும்மா இருடா” என்றார்.

திங்கட்கிழமை குழு அறையில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். கோப்பையின் உள் வளையத்தில் குழுவின் முத்திரை குத்தியிருந்தது. மேஜையில் வெள்ளைத்தாள் விரித்து, சொட்டு விழுந்தால் தெரியும்படி ஏற்பாடு செய்திருந்தார் அக்கவுண்ட்ஸ் ஆபீசர். மாமனார் கோப்பையை எடுத்தார். வெளி வளையம் கடகடவென்று ஆடியது, உள்ளே டீ அப்படியே நின்றது. நாலு பக்கத்திலிருந்தும் முகங்கள் நெருங்கி வந்தன. அவர் யாரையும் பார்க்காமல் கோப்பையையே பார்த்துக் குடித்து முடித்தார். அக்கவுண்ட்ஸ் ஆபீசர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “சுத்தமா இருக்கு சார்” என்றார். கை தட்டினார்கள். மேடம் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

“சார், டாக்டர் புது மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார்” என்றாள். “நடுக்கம் குறையும்னு சொல்றார். அப்புறம் எங்களுக்குக் கோப்பையே வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க. அவரை விட்டுடுங்க.”

உட்பிரிவின் முகத்தில் ஈயாடவில்லை. “மேடம், நடுக்கம்தான் இந்தக் கண்டுபிடிப்போட உயிர்நாடி. அதுல கல்லூரிக்கு நாற்பது, துறைக்கு இருபது. எங்க சம்மதம் இல்லாம குறைக்கக் கூடாது.”

“அப்படி ஒரேயடியா சொல்லாதீங்க. மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கில்ல” என்று பிரின்சிபால் கையமர்த்தினார். “மேடத்தோட பங்கு நாற்பது. அந்த நாற்பது சதவீதம் மட்டும் குணமாக்கிக்கட்டும்.”

“அஞ்சு விரல் இருக்கு, கணக்கு சுலபம் சார்” என்றார் அக்கவுண்ட்ஸ் ஆபீசர். “கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கல்லூரிக்கு. நடுவிரல் துறைக்கு. மோதிர விரலும் சுண்டு விரலும் குணமாகலாம்.”

“சார், இது மனுஷன் கை” என்று மேடம் எழுந்துவிட்டாள். இத்தனை வருஷ வேலையில் அந்த மேஜைக்கு முன்னால் அவள் குரல் உயர்ந்தது அன்றுதான்.

“அதனாலதான் மேடம் இவ்வளவு யோசிக்கறோம்” என்றார் பிரின்சிபால், நிஜமாகவே வருத்தப்பட்டு.

கோப்பையைக் கழுவிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். மாமனார் எழுந்து, மூன்று பேரையும் பொதுவாகப் பார்த்தார். “கையை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாங்களா?”

அவர்கள் தலையை ஒன்றாக வைத்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டு போகலாம், அடுத்த திங்கட்கிழமை அதே நிலையில் கொண்டுவர வேண்டும் என்று உட்பிரிவு சொன்னார்.

கல்லூரி வாசலுக்கு எதிரே பஸ் ஸ்டாப், அதை ஒட்டி டீக்கடை. வகுப்பு முடிந்த கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. மேடம் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமனார் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. “என்னாலதான் மாமா” என்றாள்.

மாமனார் டீக்கடைப் பக்கம் திரும்பினார். “டீ வாங்கு” என்றார்.

“இங்கேயா?”

“பின்ன எங்க? நாலு பேர் முன்னாடி கை தட்டல் வாங்கியாச்சு. இனிமே எனக்கு என்ன கதவு வேண்டிக்கிடக்கு.”

அவள் வாங்கிக் கொடுத்தாள். கண்ணாடி கிளாஸை அவர் பிடித்ததும் டீ துள்ள ஆரம்பித்தது. பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். கிளாஸ் வாய்க்குப் பாதி வழி வந்து நின்றது, மேலே வரவில்லை. மேடம் கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். கை நீட்டுவதற்கு அவளுக்கு உரிமையில்லை, ஒரு தடவை நீட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்.

“பாத்துக்கிட்டே நிக்கறியே, பிடி” என்றார் மாமனார்.

அவள் இரண்டு கையாலும் அவர் கையைச் சுற்றிப் பிடித்தாள். காய்ப்பேறிய, சூடான கை. அவர் கையைத் தொட்டதே அதுதான் முதல் தடவை. இப்போது அவள் கையும் சேர்ந்து ஆடியது. ஆனாலும் கிளாஸ் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. பாதி உள்ளே போயிற்று, பாதி இரண்டு பேர் கைகளிலும் வழிந்து, இஸ்திரி போட்ட சட்டையை நனைத்துத் தரையில் விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. மேடம் அழுதுகொண்டே பிடித்திருந்தாள், கண்ணைத் துடைக்கக் கை காலி இல்லை.

கல்லூரியிலிருந்து வெளியே வந்த உட்பிரிவு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அருகில் வந்து உற்றுப் பார்த்தார். “மேடம், இது என்ன, புது முறையா? இதையும் குழுவுக்குத் தெரிவிக்கணுமே.”

மேடம் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். “உங்க பங்கு கீழே கிடக்கு தம்பி. அள்ளிக்கிட்டுப் போங்க.”

உட்பிரிவு குனிந்து தரையைப் பார்த்தார். அறுபது சதவீதம் தேறுமா என்று அளந்துகொண்டிருந்தார். மாமனார் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மருமகளின் கைகளை உதறாமல், அப்படியே காலி கிளாஸைக் கடைக்காரர் பக்கம் நீட்டினார்.

“இன்னொண்ணு சொல்லும்மா” என்றார்.