அரைக் கோப்பை மூச்சு

என் புருஷன் எவால்ட் பாதி ஆயுளைச் சுரங்கத்துக்குக் கொடுத்தான், மீதியைப் புறாக்களுக்கு. எனக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு நேரம். அப்போதும் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் தின்பான்.

போன இலையுதிர்காலத்தில் அவனால் படி ஏற முடியாமல் போனதும் தெருவே கரித்தூசி என்றது. எங்கள் ஊரில் இருமலுக்கு வேறு காரணமே கிடையாது. ரிப்னிக் ஆஸ்பத்திரியில் மூக்கில் கிளிப் மாட்டிக் குழாயில் ஊதச் சொன்னார்கள். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், நிறுத்தாதீங்க" என்று நர்ஸ் போட்ட சத்தத்தில் எனக்கே மூச்சு முட்டியது. ரத்தமும் படமும் எடுத்து முடித்தபின் டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி.

"வீட்டுல புறா வளர்க்கிறீங்களா?"

எச்சத்தூசியும் இறகுத்தூசியும் நுரையீரலை இறுக வைத்துவிட்டனவாம். ஓய்வு பெற்றதிலிருந்து நல்ல காற்று வேண்டுமென்று நாள் முழுக்க அந்தப் புறாக்கூண்டுக்குள்தான் கிடந்தான், பாவி. புறாவை விட்டால் ஈஸ்டருக்குள் மூச்சு கொஞ்சம் கூடலாம் என்றாள்.

விட்டுவிட்டான். என் தம்பி கிந்தர் அத்தனை புறாக்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கத்துத் தன் வீட்டுக்குப் போனான். பந்தயப் புறாவைத் திறந்துவிட்டால் எங்கிருந்தாலும் பழைய வீட்டுக்கே பறந்து வந்துவிடும். அதனால் அடைத்தே வைப்பதாகச் சத்தியம் செய்தான். குளிர்காலம் முழுக்க எவால்ட் மெழுகுவத்தியை ஏற்றி வைத்து ஊதி ஊதிப் பழகினான். எனக்குச் சிரிப்பு வரும், அப்புறம் அழுகை வரும்.

ஈஸ்டர் வாரத்தில் மறுபடி குழாய், மறுபடி அந்தச் சத்தம். அவன் முகம் பீட்ரூட்டாகச் சிவக்கும்வரை ஊதினான். அவன் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா என்னை மட்டும் வெளியே கூப்பிட்டாள்.

"போன தடவையைவிடக் குறைஞ்சிருக்கும்மா. புறாவை விட்டது நல்லதுதான், ஆனா நாள் கடந்துபோச்சு. இறுகினது இனி இளகாது."

பஸ்ஸில் கேட்டான். "கூடியிருக்கா?"

"அரைக் கோப்பை மூச்சு கூடியிருக்காம்."

அதை டிரைவரிடம் சொன்னான். முன்சீட்டுக்காரியிடமும் சொன்னான். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் சமையலறை ஜன்னலுக்கு வெளியே சீவ்கா நிற்கிறது. அவன் செல்லச் சாம்பல் பெட்டைப் புறா. கிந்தர் எப்படிக் கோட்டைவிட்டானோ தெரியவில்லை. நனைந்துபோய், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடியை அலகால் தட்டியது.

எவால்ட் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான்.

"திறக்காத, ஒத்திலியா. இப்பதான் கூட ஆரம்பிச்சிருக்கு."

"கிந்தரை வரச் சொல்றேன்."

"மறுபடி வந்துடும். என்னால எத்தனை தடவை தாங்க முடியும்?" அவன் கண் நிறைந்துவிட்டது. "கழுத்தைத் திருகிடு. சூப்பு வெச்சிடு. உடம்புக்கு முடியாதவனுக்கு அதானே குடுப்பாங்க. நீதான் எப்பவும் சொல்லுவியே, சக்களத்திங்கன்னு."

சொல்லியிருக்கிறேன். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

கொல்லைப்பக்கம் போய் அதைப் பிடித்தேன். என் கையென்று தெரிந்தும் ஓடவில்லை. உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. இல்லாத அரைக் கோப்பைக்காக இதைக் கொல்ல வேண்டும். கொன்றால் அவன் நம்பிக்கையோடு இருப்பான். ஆனால் அந்தச் சூப்பை அவன் அழுதுகொண்டே குடிப்பதை நான் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். என்னால் முடியவில்லை.

புறாவோடு சமையலறைக்குள் நுழைந்தேன்.

அவன் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். என்னையும் புறாவையும் மாறி மாறிப் பார்த்தான். நான் புறாவை அவனிடம் நீட்டினேன். மெதுவாகக் கைக்குட்டையை இறக்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"அரைக் கோப்பைன்னு சொன்னியே," என்றான்.

அவன் முகத்தைப் பார்க்காமல் புறாவை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினேன்.

"சரி, குடு," என்று அதை வாங்கிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். "பாவம், குளிர்ல நடுங்குது."