வயிறு உப்பிய பீப்பாய்

இங்கிலாந்தின் சாமர்செட்டில் ஹெர்பி டக்கெட்டின் ஊரில், வீட்டில் ஆப்பிள் மதுவான சைடர் போடாதவர் பாதிரியார் ஒருவர்தான். அவரும் பீர் போடுவார். ஆப்பிள் சாறு அங்கே பழரசமாக ஒரு வாரம் தாண்டியதாகச் சரித்திரமே இல்லை.

போன கோடைக் கண்காட்சியின் சைடர் போட்டியில் நடுவர் அம்மாள் ஹெர்பியின் சைடரை ஒரு வாய் குடித்துவிட்டு, "சப்புனு இருக்கு. பாத்திரம் கழுவுன தண்ணி தேவலாம்" என்றார். பரிசுக் கோப்பை வழக்கம்போல் அடுத்த வீட்டு டெஸ்மண்டுக்குப் போனது. அன்றிலிருந்து ஹெர்பிக்குத் தூக்கமே இல்லை. குறட்டை மட்டும் வந்துகொண்டிருந்தது.

இந்த வருடம் பாட்டில்களை ஒதுக்கிவிட்டு, குட்டித் தகரப் பீப்பாய் ஒன்றில் சைடரை ஊற்றினார். கொஞ்சம் சர்க்கரை போட்டு வாயை இறுக அடைத்துவிட்டால், உள்ளேயே புளித்து நுரை கட்டும். அந்த நுரையில்தான் கோப்பை இருந்தது.

கண்காட்சி அன்று காலை கார் கொட்டகையைத் திறந்தார். பீப்பாயின் தலையும் அடியும் பூசணிக்காயாகப் புடைத்திருந்தன. நிற்க முடியாமல் அலமாரியில் ஆடிக்கொண்டிருந்தது.

"எனிட்! இங்க வந்து பாரு, கன்னு போடப் போற பசு மாதிரி இருக்கு!"

மனைவி எனிட் கையில் ரொட்டித் துண்டோடு வந்தாள். "ஏன் இப்படி ஆச்சு? சர்க்கரைய அளந்துதானே போட்டேன்?"

"நீ போட்டியா? நான்ல போட்டேன்!"

"நீ என்னிக்கு மறக்காம ஒரு வேலை செஞ்சிருக்கே? அடைக்கறதுக்கு முன்னாடி நீ சுத்தியலத் தேடிப் போனேல்ல, அப்பதான் போட்டேன். சரி, காத்தக் கொஞ்சம் இறக்கி விடு."

"இறக்கினா சப்புனு ஆயிடும். அந்தம்மா வாயால இன்னொரு தடவ கேக்க என்னால ஆகாது."

பீப்பாயைப் போர்வையில் சுற்றி, காரில் எனிட்டின் மடியில் வைத்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனிட் கர்த்தரைக் கூப்பிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கர்த்தரைக் கூப்பிட்டது அன்றுதான்.

கண்காட்சிக் கூடாரத்தில் டெஸ்மண்ட் காத்திருந்தார். "என்னப்பா ஹெர்பி, சைடரா, வெடிகுண்டா? பட்டாளத்துக்குச் சொல்லி அனுப்பவா?" என்று கேட்டுவிட்டு, வாய் பிளந்து சிரித்தார்.

ஹெர்பி குழாயைச் செருகினார். பீறிட்ட சைடரில் கூடாரத்தின் கூரை ஒரு முழம் உயர்ந்தது. கேக் மேசைகள் மிதந்தன. சுற்று வட்டாரக் காக்கைகள் மூன்று நாளைக்கு நேராகப் பறக்கவில்லை. மிச்சமெல்லாம் டெஸ்மண்டின் திறந்த வாய்க்குள் போனது.

நடுவர் அம்மாள் பீப்பாயைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"குடிக்காம நான் மார்க் போட முடியாதே."

"டெஸ்மண்ட் குடிச்சான்ல, அவனக் கேளுங்கம்மா," என்றார் ஹெர்பி.

கூடாரமே டெஸ்மண்டைப் பார்த்தது. அவர் மீசையை நக்கினார். கோப்பையைப் பார்த்தார். மறுபடியும் மீசையை நக்கினார்.

"சப்புனு இல்ல," என்றார் கடைசியில். "அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

சாட்சியை வைத்துப் பரிசு கொடுக்க விதி இல்லை. கோப்பை டெஸ்மண்டுக்கே போனது.

அன்று சாயங்காலம் டெஸ்மண்ட் ஹெர்பியின் வாசலுக்கு வந்தார். ஒரு கையில் ஹெர்பியின் காலிப் பீப்பாய், இன்னொரு கையில் கோப்பை.

"சர்க்கரை எவ்வளவு போட்டே? உண்மையச் சொல்லுப்பா."

ஹெர்பி எனிட்டைப் பார்த்தார்.

"அதெல்லாம் கைப்பழக்கம்," என்றாள் எனிட். கோப்பையை டெஸ்மண்டின் கையிலிருந்து வாங்கி, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் துடைத்து, சமையலறை ஜன்னலில் வைத்தாள்.

டெஸ்மண்ட் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. காலிப் பீப்பாயைத்தான் நீட்டிக்கொண்டு நின்றார்.