மீன்கடைக்காரரின் விதவை

மூன்றாவது கரண்டி பார்லித் தண்ணீரை ஹில்டா நீட்டியபோது அவள் அம்மா டோர்கஸ் பெல்லிங் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். லண்டனிலிருந்து காலை ரயிலில் வந்த தம்பி சிரில் அப்போதுதான் மாடியேறி வந்து, தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவருகே குனிந்து நின்றான்.

அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "தொப்பியை அங்கிட்டு வைடா. நான் இன்னும் சாகல."

பதினொரு மணிக்கு வந்த டாக்டர் நாடி பார்க்கும்போது, இடது மணிக்கட்டு ஏன் இப்படிக் கோணியிருக்கிறது என்று கேட்டார். ஒரு படத்துக்காக மாவு மில் படிக்கட்டில் உருண்டதில் உடைந்தது என்றாள் அம்மா. கேமராக்காரன் படம் ஓட்டும் கைப்பிடியைச் சுற்ற மறந்துவிட்டதால், உடைந்த கையோடு இரண்டாம் தடவையும் உருண்டாளாம். டாக்டர் ஹில்டாவை ஒரு மாதிரி பார்த்தார். பிதற்றல் இல்லை, நடந்ததுதான் என்று ஹில்டா சொல்ல வேண்டியிருந்தது.

அவர் போனபின் அம்மா மூச்சுவாங்கியபடி சொன்னாள்: "படத்துல பதினாலு தடவை செத்திருக்கேன். இதுதான் ரொம்ப இழுக்குது."

மூன்று மணிக்கு அதுவும் முடிந்தது.

மறுநாள் காலை அக்காவும் தம்பியும் டாக்டர் கொடுத்த இறப்புச் சீட்டோடு பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த மெலிந்த மனிதர் பெரிய புத்தகத்தை விரித்தார். பெயர், வயது, இறந்த இடம் எல்லாம் அழகான கையெழுத்தில் ஏறின. அடுத்து, கணவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். மீன்கடை வைத்திருந்தார் என்றான் சிரில்.

"அப்போ, மீன்கடைக்காரர் ஆல்ஃபிரட் பெல்லிங்கின் விதவை" என்று சொல்லிக்கொண்டே அவர் பேனாவை மையில் தோய்த்தார்.

"இல்ல. சினிமா நடிகை" என்றாள் ஹில்டா.

பேனா அந்தரத்தில் நின்றது. விதவை என்றால் கணவரின் தொழிலைப் போடுவதுதான் வழக்கம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அப்பா செத்து நாற்பத்தேழு வருடம் ஆகிறது என்றாள் ஹில்டா. அதன்பிறகு கடலோரத்தில் படம் எடுக்கும் கண்ணாடிக் கூடத்தில் ஒன்பது வருடம் சலவைக்காரியாகவும் மாமியாராகவும் போலீஸ்காரன் பெண்டாட்டியாகவும் விழுந்து எழுந்துதான் அம்மா இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். கதாநாயகி ஜன்னலோரம் நின்று அழுவாள். குட்டையில் விழுவதெல்லாம் அம்மாதான். வெயில் இருக்கும்போதுதான் படம் எடுக்க முடியும் என்பதால், வெயிலடித்த நாளெல்லாம் அம்மா நனைந்துதான் வீடு வருவாள்.

ஒப்பந்தமோ விளம்பரத் தாளோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் பதிவாளர். ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் திரையில் நடிகர்கள் பெயர் போடும் பழக்கமே கிடையாது.

"அம்மா பேரை எங்கயுமே எழுதல சார். அதனாலதான் இங்க எழுதச் சொல்றேன்."

"நீங்க சொல்றதையெல்லாம் நான் எழுதிட முடியாதுங்க."

"அப்ப நானும் கையெழுத்துப் போட மாட்டேன்."

பின்னால் பெஞ்சில், பிள்ளை பிறந்ததைப் பதிய வந்திருந்த ஓர் இளைஞன் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினான். ஹில்டா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சிரில் அவள் கையைத் தொட்டான். "விடு ஹில்டா. ஒரு வரி. யார் படிக்கப் போறா?"

"எவனாவது படிச்சா அம்மாவும் மீன் வித்தான்னு நெனைப்பான். மீன் வாடையே அவளுக்கு ஆகாது."

சிரில் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தான் வேலை பார்க்கும் வங்கியில் முப்பது வருடமாக, அம்மா கடலோரத்தில் ஓய்வாக இருக்கிறாள் என்றுதான் அவன் சொல்லிவந்தான். ஹில்டாவுக்கு அது தெரியும். அம்மாவுக்கும் தெரியும். இரண்டு பேருமே அதைப்பற்றி அவனிடம் கேட்டதில்லை.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். பார்வை சிரில் பக்கம் திரும்பியது. "நீங்க மகன். நீங்களும் இதைத்தான் சொல்றீங்களா?"

சிரில் மடியிலிருந்த தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தான். அவன் இல்லை என்று சொல்லிவிடுவான் என்றே ஹில்டா நினைத்தாள். சொன்னால் இன்றோடு இவன் தம்பி இல்லை என்றும் நினைத்தாள்.

"ஸ்கூல்ல என்னை யாரும் சிரில்னு கூப்பிட மாட்டாங்க" என்றான் அவன், தொப்பியைப் பார்த்தபடி. "தொட்டின்னுதான் கூப்பிடுவாங்க. அம்மா குதிரைத் தொட்டிக்குள்ள விழற படம் இங்க சினிமாக் கூடாரத்துல ஓடிச்சு. மறுநாள் காலைல பசங்க எல்லாரும் என் முன்னாடி வரிசையா நின்னு, ஒவ்வொருத்தனா மல்லாந்து விழுந்து காட்டினானுங்க. நாலு வருஷம் சார். தினமும்."

பெஞ்சில் இருந்தவன் செருமுவதை நிறுத்திவிட்டான்.

"ஒருத்தனுக்கும் அம்மா மாதிரி விழத் தெரியல."

பதிவாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேனாவை மறுபடி தோய்த்தார். நடிகை என்பது முதலில் வரட்டும், விதவை அப்புறம் என்று ஹில்டா சொன்னாள். அவர் தலை நிமிராமல் அப்படியே எழுதினார். ஹில்டா எழுந்துபோய்க் குனிந்து, ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள்.

பதிவாளர் ஈர மையை ஒற்றியெடுக்க ஒற்றுத்தாளை எடுத்தார்.

"ஒத்தாதீங்க" என்றான் சிரில். "தானா காயட்டும்."

அவர் தாளைக் கீழே வைத்தார். மூவரும் புத்தகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அந்த அலுவலக மை எழுதும்போது வெளிறிய நீலமாகத்தான் இருக்கும்; காயக் காயத்தான் அழியாத கறுப்பாகும். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரியின் முதல் சொல் கறுக்கத் தொடங்கியது.