மூன்று மணி நேரம் மேஜையில் கிடந்த பெட்டி

லேப்காரிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஏறாதா பின்னே? தங்கைக்குக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, இன்னும் வார்டில்தான் இருக்கிறது. இன்று சாயங்காலம் குடல் கிருமிக்குக் கொடுத்துவந்த பழைய மருந்தை நிறுத்திவிட்டு அதற்குப் புதுப் பொடியைக் கொடுக்கப்போகிறார்களாம், தங்கை ஃபோனில் சந்தோஷமாகச் சொல்கிறாள். பொடிதான் உசத்தி என்று ரிப்போர்ட் கொடுத்ததே இந்த லேப்தான்.

கிருமி பெருகும்போது தன் மரபணுத் தொடரை ஓரிடத்தில் ஆரம்பித்துப் படியெடுக்கும். வேகமாகப் பெருகினால் ஆரம்பப் பகுதி நிறையவும் கடைசிப் பகுதி கொஞ்சமாகவும் கிடைக்கும். குழந்தையின் மலத்தில் உள்ள மரபணுக்களைப் படித்து இரண்டையும் ஒப்பிட்டால், குடலில் கெட்ட கிருமி என்ன வேகத்தில் வளர்கிறதென்று சொல்லிவிடலாம். ஆனால் மலம் அடைத்த குப்பிகள் லேப்புக்கு வந்த கையோடு ஃப்ரீசருக்குள் போக வேண்டும். பொடி சாப்பிட்ட பிள்ளைகளின் குப்பிகள் அப்படித்தான் போயின. பழைய மருந்துப் பிள்ளைகளின் பெட்டி வந்த அன்றோ, விருந்தாளிகளுக்கு லேப்பைச் சுற்றிக்காட்டவென்று இயக்குநர் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். பெட்டி மூன்று மணி நேரம் மேஜையில் கிடந்தது. கிருமி குடலில் வளர்ந்ததோ இல்லையோ, குப்பிக்குள் கும்மாளம் போட்டு வளர்ந்தது. பழைய மருந்துக்குக் கெட்ட பெயர், பொடிக்குப் பாராட்டு.

செவ்வாய்க்கிழமை இதைக் கண்டுபிடித்து அவரிடம் சொன்னாள். பார்த்துக்கொள்ளலாம், வாயைத் திறக்காதே என்றார். அவளும் வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

இன்று வெள்ளிக்கிழமை. கதவைக்கூடத் தட்டாமல் அவர் அறைக்குள் போய், ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறச் சொன்னாள். பெட்டியை வெளியே விட்டது யார், முதலில் போவது உன் வேலைதானே என்றார் மனுஷன், காபியை உறிஞ்சிக்கொண்டே.

"போகட்டும் சார். தப்பு செஞ்சதுன்னு என் பேரையே முதல்ல போடுங்க."

அவர் கண்முன்னாலேயே வார்டு டாக்டருக்கு ஃபோன் போட்டு ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். பொடியை உடனே நிறுத்துவதாக டாக்டர் சொன்னார். அந்தச் சூடு ஆறுமுன் தங்கையை அழைத்து, பிள்ளை தப்பித்தான் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனக்கு எப்பக்கா தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."



"பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு நேத்தே பொடிக்கு மாத்திட்டாங்க. அவங்கம்மா இங்கதான் உக்காந்திருக்காங்க. நீயே சொல்லு" என்று தங்கை ஃபோனை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.