சால்வை போர்த்திய கம்ப்யூட்டர்

நான்காவது முறையாகத் திரை கறுத்தது. புஷ்பவள்ளி மேசையில் ஓங்கிக் குத்தினாள்.

செனாய் நகரத் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருடம் நின்றே வேலை பார்த்தவள். மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்க இன்று மாலை ஐந்து மணி கடைசி. படிவம் கைப்பேசியில் திறக்காது. பாதியில் சேமிக்கவும் முடியாது. மொத்தம் ஒன்பது பக்கம். ஐந்தாம் பக்கத்தைத் தாண்டவிடாமல் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

"வைரஸ்," என்றார் கணவர் சதாசிவம், சோபாவில் சாய்ந்தபடி. இரண்டு சங்கங்களுக்குத் துணைத் தலைவர். மைக் இல்லாத இடத்திலும் மைக் பிடித்த தொனிதான். "இன்றைய தொழில்நுட்ப யுகத்திலே..."

"யுகம் கிடக்கட்டும். நேத்து லைன் சரியில்லைன்னீங்க. முந்தாநாள் மதர்போர்டுக்கு வயசாயிருச்சுன்னீங்க."

"ரெண்டும்தான்லா. நான் அனுபவத்துல சொல்றேன்."

அந்த அனுபவம் முந்தாநாள் மூடியைக் கழற்றி, மெமரியை அழிப்பானால் தேய்த்து, திருநீறு பூசி மாட்டியது. பலன் பூச்சியம்.

மணி நான்கு. புஷ்பவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் அவள் முதலில் கேட்பது, எப்போதிலிருந்து, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பதைத்தான். காலையில் முதல் தடவை இருபது நிமிடம் ஓடியது. உடனே திருப்பிப் போட்டபோது ஐந்தே நிமிடம். சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் மறுபடி இருபது. வைரஸுக்குச் சாப்பாட்டு இடைவேளை தெரியுமா?

சால்வைகளுக்கு அடியில் கையை விட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டாள். தோசைக்கல்.

வருகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்று சதாசிவம் அதை முக்காலியில் ஏற்றி, மேடைகளில் தனக்குப் போர்த்திய சால்வைகளை அதற்குப் போர்த்தியிருந்தார். முன்னால் பொத்தானுக்கு மட்டும் ஒரு சந்து. போன மாதச் சங்க விருந்துக்குப் பிறகு இன்னும் மூன்று சேர்ந்து ஒன்பதாகியிருந்தன. கோளாறு ஆரம்பித்ததும் போன மாதம்தான்.

"மூச்சு விட வழியில்ல இதுக்கு!" ஒரே இழுப்பில் அத்தனையையும் உருவித் தரையில் எறிந்தாள்.

"அலமாக்! புஷ்பா, அந்தப் பச்சைச் சால்வை, டத்தோ பட்டம் வாங்கினவரு தன் கையால போர்த்தினது!"

"அப்ப டத்தோவையே கூப்பிட்டு என் விண்ணப்பப் பாரத்தை நிரப்பச் சொல்லுங்க!"

மேசை விசிறியைப் பெட்டியின் முதுகுக்கு நேராகத் திருப்பிவைத்தாள். பத்து நிமிடம் ஆறவிட்டாள். அவர் சால்வைகளை ஒவ்வொன்றாகத் தட்டி மடித்துக்கொண்டு, நன்றி கெட்ட சமுதாயத்தைப் பற்றிச் சுவரிடம் பேசினார். அவள் பொத்தானை அழுத்தி, முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.

ஐந்தாம் பக்கம் தாண்டியது. ஏழு. எட்டு. மணி நான்கு ஐம்பது. திரை கறுக்கவில்லை.

ஒன்பதாம் பக்கத்தில், அவளைப் பற்றி நற்சான்று தரக்கூடிய ஒருவரின் பெயர் கேட்டது. சதாசிவம் தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"போடு. சமூகச் செம்மல், சேவைச் சுடர்..."

புஷ்பவள்ளி 'மலர், லைன் லீடர்' என்று அடித்தாள்.

"அது யாரு?"

"நான் வேலை செய்றதைப் பாத்தவ," என்று சொல்லி, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.